மூன்று சுழிக் கணக்கு

என் மகளின் தலையில் இரண்டு சுழி. ரெட்டைச் சுழிக்கு ரெண்டு கல்யாணம் என்பார்கள் எங்கள் பக்கம். படித்தவள் நான், இதையெல்லாம் நம்புவதில்லை. ஆனால் அவளுக்கு நிச்சயமான முதல் இடம் காரணம் சொல்லாமல் முறிந்ததிலிருந்து, நம்பாமலே பயப்படக் கற்றுக்கொண்டேன். அந்தப் பதற்றம் இன்னும் முழுதாகத் தீரவில்லை.

அடுத்த இடம் நைனார்பாளையம். கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த அன்று, சுழி தெரியாதபடி அவள் உச்சந்தலை வரை மல்லிகையைச் சுற்றினேன்.

"தேரு மாதிரி இருக்கும்மா."

"வாய மூடிக்கினு ஒக்காரு."

வந்தவர்களில் மாப்பிள்ளையின் அத்தைதான் பேசினார். "பொண்ணு இன்னா படிக்குதுங்க?"

நான் வாயெடுப்பதற்குள் என் வீட்டுக்காரர், "சுழியப் பத்தி ஆராய்ச்சி பண்ணுதுங்க," என்றார் பெருமையாக. நான் அவள் தலைப்பூவை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டேன்.

அந்த அம்மாளின் முகம் மலர்ந்தது. "அப்புடியா! கல்வராயன் மலையில ஒரு காளை பாத்து வச்சிக்கினு இருக்கோம். முதுவுல சுழி இருக்குது. வாங்கலாமா வேணாமா, நீயே சொல்லும்மா."

மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். ஹீலியத்தை மிக மிகக் குளிரவைத்தால் உராய்வே இல்லாமல் ஓடும் திரவமாகிவிடும், அதை மெல்லிய ஏடாகப் பரப்பினால் அதில் எழும் சுழிகள் எப்படி நகரும் என்பதுதான் தன் ஆராய்ச்சி என்றாள். யாருக்கும் புரியவில்லை. "காட்டறேன், வாங்க," என்று ஒரு சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறத் தொட்டிக்குப் போனாள். எல்லோரும் பின்னாலேயே போனார்கள். கேசரி ஆறிக்கொண்டிருந்தது.

தட்டைப் பாதி முக்கி, மெல்ல இழுத்து, வெடுக்கென்று தூக்கினாள். தண்ணீரில் இரண்டு சின்னக் குழிகள். ஒன்று வலமாகவும் மற்றது இடமாகவும் சுற்றிக்கொண்டு, ஜோடியாக எதிர்ச்சுவரை நோக்கி நேரே போயின. அவற்றின் வட்ட நிழல்கள் தொட்டியின் அடியில் கூடவே ஓடின.

"எதிரெதிரா சுத்தற ரெண்டும் சேந்து நேரா போவும். ஒரே பக்கமா சுத்துனா ஒண்ண ஒண்ணு சுத்திக்கினே கெடக்கும். தண்ணியில சீக்கிரம் அடங்கிடும். நான் பாக்கற திரவத்துல அடங்காது. எதிர்ச் சுழிய முட்டணும், இல்ல ஓரத்துல போய் மோதணும். அப்பதான் காணாம போவும்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். "என் தலையிலயும் ரெண்டு இருக்கு," என்று பூவை விலக்கிக் குனிந்தாள். நான் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலால் முடியைத் தடவிப் பார்த்தார். "ஒண்ணு வலம். ஒண்ணு இடம். அப்போ நேராத்தான் போவும்!" என்றவர், மாப்பிள்ளையின் பிடரியைப் பிடித்தார். "டேய், குனிடா."

"வுடு அத்தே!"

"இவனுக்கு ஒண்ணு. மொத்தம் மூணாச்சே, கணக்கு வருமா?"

"மூணு வரைக்கும் வரும் அத்தே. நாலாச்சின்னாதான் எது எங்க போவும்னு சொல்ல முடியாது."

"அத்தேன்னே கூப்புட்டுடுச்சே!" அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே உள்ளே போய், ஆறிய கேசரியை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். காளை என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. கல்யாணம் நடந்தது.

போன வாரம் பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரியில் குழந்தையை வாங்கியதும் தலையைத்தான் தடவிப் பார்த்தேன். ஒரு சுழி. குழந்தையைத் தொட்டிலில் கிடத்திவிட்டு, மகளைப் பார்த்து நான்கு விரலைக் காட்டினேன்.

"சிரிக்க வைக்காதம்மா, தையல் வலிக்குது," என்றாள்.

நானும் சிரித்தேன், தொட்டிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு.