சுவிட்ச் இல்லாத சுவர்

"ஏலே, இதுக்கு சுவிட்ச எங்கன வச்சிருக்கான்?" ஹாம்பர்க் வந்து இறங்கிய மறுநாள், சமையலறைச் சுவரைப் பார்த்து அம்மா கேட்ட முதல் கேள்வி இது. சுவிட்ச் கிடையாது என்றேன். நம்பவில்லை. இந்த ஊரில் ப்ளக் பாயிண்டை ஷ்டெக்டோஸ என்கிறார்கள். கிண்ணம் மாதிரி குழிந்த ஒரு வட்டம், உள்ளே இரண்டு துளை, எர்த்துக்கு ஓரத்தில் இரண்டு தகரக் கவ்வி, அவ்வளவுதான். நம் ஊர் மூன்று முள் ப்ளக் இதில் நுழையாது. "கரண்டு நின்னுக்கிட்டிருக்க ஓட்டைக்குள்ள ப்ளக்கக் குத்தச் சொல்லுதியா? ஒனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?" என்று அம்மா விலகிக்கொண்டாள்.

அவள் பயத்துக்குக் காரணம் உண்டு. தூத்துக்குடியில் எங்கள் வீடு துறைமுகத்துக்குப் போகிற சாலையில் இருக்கிறது. உப்புக்காற்று சுவிட்ச் பெட்டிக்குள் புகுந்து, செம்பெல்லாம் பச்சை பூத்துவிடும். ஒருமுறை ஈரக்கையோடு மிக்ஸி ப்ளக்கைச் செருகப்போய், கரண்ட் அம்மாவைத் தூக்கி அடித்தது. அன்றைக்கே அப்பா பலசரக்குக் கடையைச் சாத்திவிட்டு வந்து புது பாயிண்ட் மாட்டினார். அதன்பிறகு வீட்டில் ஒரு சட்டம்: சுவிட்சை அணைத்து, செருப்புப் போட்டு, பலகைமேல் நின்று, ப்ளக்கைச் செருகி, அப்புறம்தான் சுவிட்ச். பாதி நாள் அப்பாவே செருகிக் கொடுப்பார். அவர் தவறிய பின் அந்த வீட்டில் தனியாக இருக்கவே அம்மா பயந்தாள். அதனால்தான் கூட்டி வந்தேன். இனி எங்களோடேயே இருந்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

நானும் மனைவியும் காலையில் வேலைக்குப் போனால் மாலையில்தான் திரும்புவோம். ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்ஸிக்கு இந்த நாட்டு ப்ளக்கை மாட்டிக் கொடுத்தேன், தொடவில்லை. செருகியே வைத்துவிட்டுப் போகிறேன் என்றால், "வீடு பத்திக்கிட்டா நான் யாரக் கூப்பிடுவேன்?" என்றாள். தேங்காய் அரைக்காமல் மீன் குழம்பு ஏது? பகலெல்லாம் ரசமும் தயிரும்தான். அதை நினைத்து எனக்கு ஆபீஸில் சோறு இறங்கவில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். எலக்ட்ரீஷியனை அனுப்பினார். வந்தவர் பாயிண்டைச் சோதித்துவிட்டு, "கபுட் இல்லையே?" என்றார். கெட்டுப்போகவில்லை, சுவிட்ச் வைத்தது வேண்டும், வீட்டில் இதைக் கண்டு பயப்படுகிற ஆள் இருக்கிறது என்று என் அரைகுறை ஜெர்மனில் விளக்கினேன். அவர் முகம் மலர்ந்தது. குழந்தைகள் விரல் விடாமலிருக்க மாட்டும் பிளாஸ்டிக் மூடிகளைப் பையிலிருந்து எடுத்து நீட்டி, "குழந்தைக்கு என்ன வயது?" என்றார். நான் அம்மாவைக் காட்டினேன். மனிதர் காது வரை சிவந்துவிட்டார். "மெயின ஆஃப் பண்ணிட்டானான்னு கேளுலே" என்று அம்மா பின்னாலிருந்து அதட்டினாள். பண்ணியிருந்தார். பழையதைக் கழற்றியதும் பழுப்பும் நீலமுமாக வயர்கள் வந்தன. "செவப்பு எங்க, கறுப்பு எங்க?" என்று அதிலும் சந்தேகம். ஒருவழியாகச் சுவிட்ச் வைத்த பாயிண்ட் சுவரில் ஏறியது.

மறுநாள் மாலை படிக்கட்டிலேயே மீன் குழம்பு மணந்தது. உள்ளே அம்மா காலில் செருப்போடு, என் மனைவியின் காய்கறி வெட்டும் பலகைமேல் நின்றுகொண்டிருந்தாள். மனைவி தலையில் கைவைத்துக்கொண்டாள். எனக்கோ அப்படியொரு சந்தோஷம். அப்பாடா, இனி இருந்துவிடுவாள்!

கொஞ்ச நாளில் அவளே வந்து சொன்னாள். "ஏலே, எனக்கு டிக்கெட்டு போடு. பகல் பூரா இங்கனயும் தனியாத்தான கெடக்கேன். பயம் தெளிஞ்சு போச்சு. தனியா இருக்கதுக்கு நம்ம வீட்டுலயே இருந்துக்கிடுதேன்." அவள் போகக்கூடாது என்று நான் மாட்டவைத்த சுவிட்ச், அவளை ஊருக்கு அனுப்பி வைத்துவிட்டது. கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னதில் தப்பு என்ன இருக்கிறது?

போன விடுமுறையில் தூத்துக்குடி போனேன். எப்படியாவது மறுபடி அழைத்து வந்துவிட வேண்டும் என்று, பேச வேண்டியதையெல்லாம் விமானத்திலேயே யோசித்து வைத்திருந்தேன். மதியம் போனைச் சார்ஜில் செருகிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் போன் செத்துக் கிடந்தது. இந்த உப்புக்காற்றில் சார்ஜரும் போய்விட்டது என்று சலித்துக்கொண்டேன். அம்மா எட்டிப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவிட்சைத் தட்டினாள்.

"சுவிட்ச போடாம எப்படிலே ஏறும்? ஒன்னய இந்த வீட்டுல தனியா விட முடியாது போலிருக்கே."