சந்தனம் வைத்த ஆயில் மூடி

இரண்டு வருடங்களுக்கு முன், ஆயுத பூஜை அன்று மத்தியானம், திருநின்றவூர் ஏரிக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் நகரில் நடந்தது இது. இப்போது எழுத உட்கார்ந்தாலும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

எங்கள் தெரு பள்ளம். ஏரி நிரம்பினால் கழுத்தளவு தண்ணீர் நிற்கும். என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. ஒருநாள் விட்டு ஒருநாள் ஆவடிக்குப் போய் டயாலிசிஸ் செய்தாக வேண்டும். அதற்கு முந்தைய வருட மழையில் வெளியே போக வழியில்லாமல் ஒரு தடவை தவறிப்போய்விட்டது. உடம்பெல்லாம் நீர் கோத்து, மூச்சுக்கு அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடைசியில் லாரி டியூபில் உட்காரவைத்து இழுத்துக்கொண்டு போனோம். டாக்டர், "இன்னொரு தரம் இப்படி விட்டா என் கையில ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டார்.

அதன் பிறகுதான் குடியிருப்போர் சங்கத்தில் எல்லோரும் சேர்ந்து ஒரு பழைய ஃபைபர் படகு வாங்கினோம். பின்னால் மாட்டித் தொங்கவிடும் இன்ஜின் இல்லை, படகின் வயிற்றுக்குள்ளேயே பொருத்திய டீசல் இன்ஜின். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஜெனரேட்டர் பராமரிப்பதுதான் என் வேலை என்பதால், இன்ஜினைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மழைக்கு முன்னால் ஆயில் மாற்றிவிட வேண்டும் என்று ஒரு பெரிய கேன் ஆயிலும் ஃபில்டரும் வாங்கி வைத்தேன். ஆனால் ஏரிக்கரையில் படகு நின்ற கொட்டகையின் சாவி சங்கச் செயலாளரிடம். கேட்கும்போதெல்லாம், "பூஜை முடியட்டும் மேடம்" என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார்.

பூஜையும் வந்தது. படகுக்கு மாலை, வாழைக்கன்று, முன்னால் பொரி, சுண்டல். இன்ஜினுக்கு மூன்று பட்டை விபூதி. நானும் பக்திக்குக் குறைந்தவள் இல்லை. காலையில்தான் என் ஸ்பானர் செட்டுக்குப் பொட்டு வைத்துவிட்டு வந்திருந்தேன். கற்பூரம் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, பழக்க தோஷத்தில் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தேன்.

பால் அதிகமாக ஊற்றிய டீ மாதிரி இருந்தது. ஆயிலில் தண்ணீர் கலந்தால்தான் அந்த நிறம் வரும். அதோடு ஓட்டினால் இன்ஜின் பிடித்துக்கொண்டு நடுத் தண்ணீரில் நின்றுவிடும்.

"இன்ஜினை யார் கழுவினது?" என்று கேட்டேன். செயலாளருக்குப் பெருமை பிடிபடவில்லை.

"நாங்கதான் மேடம். ஆயில் ஊத்துற மூடியைக்கூட தனியா கழட்டி, தேய்ச்சு, சந்தனம் குங்குமம் வச்சு வெயில்ல காயவச்சோம்ல! அது காயிறதுக்குள்ள மோட்டார் போட்டு பைப்புல அடிச்சதுல இஞ்சினு எப்படி பளபளன்னு கீது பாருங்க."

மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, திறந்த வாய்க்குள் பைப்பால் தண்ணீர் அடித்திருக்கிறார்கள். அதற்கு மேல் சந்தனப் பொட்டு வைத்த மூடியை அழகாகத் திருகி வைத்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு ஓடிப்போய் ஆயில் கேனையும் ஸ்பானரையும் தூக்கிக்கொண்டு வந்தேன். செயலாளர் வழி மறித்தார்.

"இன்னா மேடம் இது? பூஜை போட்ட ஆயுதத்தை அன்னிக்கே யாருனா தொடுவாங்களா? தெருவுக்கே ஆவாது. நாளிக்கு மேல மெக்கானிக்க இட்டாந்து பாத்துக்கலாம்."

பின்னால் நின்றவர்களும் தலையாட்டினார்கள். ஏரிக்கு மேலே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மறுநாள் காலை என் கணவருக்கு டயாலிசிஸ். பூஜைக் களைப்பில் இருக்கும் எந்த மெக்கானிக்கை இவர் கூட்டிக்கொண்டு வரப்போகிறார்?

அப்போது நான் கத்தியது பக்கத்துத் தெருவுக்கும் கேட்டதாம். "படகு ஓடலைன்னா எங்க ஊட்டுக்காரரை நீங்க தோள்ல தூக்கினு போவீங்களா? போவீங்களா, சொல்லுங்க! முடியாதுன்னா வழிய விடுங்க!" என்றேன். சந்தனப் பொட்டை ஆள்காட்டி விரலால் துடைத்துவிட்டு மூடியைத் திருகித் திறந்தேன். யாரோ ஒரு பெண்மணி, "ஐயையோ" என்று வாயைப் பொத்திக்கொண்டார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜெனரேட்டர் என்றால் அடியில் இருக்கும் போல்ட்டைக் கழற்றினால் போதும், பழைய ஆயில் தானாக இறங்கிவிடும். படகில் அந்த போல்ட்டுக்கும் படகின் தரைக்கும் நடுவில் கைகூட நுழையாது. அதனால் அளவுக் கம்பி போகும் துளை வழியாக மெல்லிய குழாயை விட்டு, கை பம்பு போட்டு உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். வழக்கமாக இன்ஜினைக் கொஞ்சம் ஓடவிட்டால் ஆயில் சூடாகி இளகிவிடும். தண்ணீர் கலந்திருப்பதால் ஓட்டவும் முடியாது. குளிர்ந்த ஆயில் பிசுபிசுவென்று வந்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் செயலாளரை மனதுக்குள் திட்டினேன், அதனால் கை வலி தெரியவில்லை.

என் கணவர் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாத்துக்கு இப்படிக் கத்துற? எனக்கும்தான் ரத்தத்துல தண்ணி கீது. ரெண்டு பேருக்கும் ஒரே வைத்தியம், உறிஞ்சி எடு" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

முதலில் புது ஆயில் ஊற்றி, சில நிமிடங்கள் ஓடவிட்டு, அதையும் உறிஞ்சி எடுத்தேன். அப்போதும் லேசாக வெளுப்பு இருந்தது. ஃபில்டரை மாற்றி, மறுபடி புது ஆயில் ஊற்றினேன். கம்பியில் தேன் நிறம் வந்த பிறகுதான் நிமிர்ந்தேன். கழிவு ஆயிலை ஏரி ஓரத்தில் கொட்டிவிடச் சொன்னார் ஒருவர். அவரும் வாங்கிக் கட்டிக்கொண்டார். கேனில் மூடி, கம்பெனிக் கழிவு டிரம்முக்கு எடுத்துப்போக வைத்தேன்.

ராத்திரி முழுக்க மழை கொட்டி, விடிவதற்குள் தெருவில் தண்ணீர் ஏறிவிட்டது. கைப்பிடியைச் சுற்றியதும் இன்ஜின் கிளம்பிவிட்டது. படகில் மெயின் ரோடு வரை போய், அங்கிருந்து ஆட்டோ பிடித்து, நேரத்தோடு ஆவடி போய்ச் சேர்ந்தோம். ஊசி குத்தி மெஷினில் ரத்தம் ஓட ஆரம்பித்ததும் என் கணவர் கண்ணை மூடித் தூங்கிவிட்டார். நான் வெளியே வந்து போனைப் பார்த்தேன்.

சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் மாலை போட்ட இன்ஜின் படம். கீழே செயலாளர் எழுதியிருந்தார்: "முறைப்படி பூஜை போட்டதால் நம்ம படகு இன்று ஒரு உயிரைக் காப்பாற்றியுள்ளது." அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடு, கைதட்டல்.

எழுத ஆரம்பித்து அழித்தேன். கடைசியில் முந்தின நாள் உறிஞ்சி எடுத்த பால் டீ நிற ஆயிலின் படத்தை மட்டும் போட்டேன். பிறகு செயலாளர் அதற்கும் ஒரு கும்பிடு போட்டார்.

அவர் மேல் எனக்கு இன்னும் கோபம் போகவில்லை. போக வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. பொம்பளைக்கு இவ்வளவு கோபம் ஆகாது என்று எங்கள் தெருவில் இன்றும் சொல்கிறார்கள். அன்றைக்கு நான் பொறுமையாக இருந்திருந்தால் எனக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கும், என் கணவர் கிடைத்திருக்க மாட்டார்.