நூற்றெட்டுக் கிலோவும் முப்பத்தாறு கம்பிகளும்

வாசகரே, உங்களை நடுவராக அல்ல, சாட்சியாக அழைக்கிறேன். நடுவரின் கையில் மணி இருக்கும்; பேச்சு சுடத் தொடங்கியதும் அடித்துவிடுவார். சாட்சிக்கு அந்த வசதி கிடையாது, முழுவதையும் கேட்டே ஆகவேண்டும். கேளுங்கள். ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில், பெர்த் நகரில், மிதிவண்டிக்குச் சக்கரம் வாங்கப்போன என்னை எடைபார்க்கும் கருவியில் ஏறி நிற்கச் சொன்னார்கள். எங்கள் வடசென்னைக் கல்மண்டபத்தில் மீனை நிறுப்பார்கள், பழைய இரும்பை நிறுப்பார்கள். வாங்க வந்தவனையே நிறுத்துப் பார்க்கும் கடையை நான் அங்கே கண்டதில்லை. முள் நூற்றெட்டில் போய் நின்றது. அர்ச்சனைக்கு உகந்த எண். கடைக்காரன் டேரனின் முகத்தில் மட்டும் பக்தி தெரியவில்லை.

நீந்தி, மிதித்து, ஓடி முடிக்கிற போட்டிக்கு இங்கே டிரையத்லான் என்று பெயர். அதில் இறங்குபவர்கள் பெரும்பாலும் கொக்குகள். வாழைப்பழத்தை உரிப்பதற்கு முன்பே அதன் சத்தைக் கணக்கிட்டுச் சொல்லக்கூடிய கொக்குகள். நான் வேலை பார்க்கும் துறைமுகக் கிடங்கிலும் அப்படி நாலைந்து பேர் உண்டு. அவர்களில் ஒருத்தி, கேலியாகக்கூட இல்லை, மிகுந்த கனிவோடு, "நீ கைதட்ட வருவாயல்லவா?" என்று கேட்டாள். கேலியைப் பொறுத்திருப்பேன், கனிவைப் பொறுக்க முடியவில்லை. "கைதட்டு வாங்க வருகிறேன்" என்று உணவுக்கூடம் முழுவதும் கேட்க அறிவித்தேன். ராயபுரத்துக் கடலில் நீந்திப் பழகியவனுக்கு நீச்சல் ஒரு பொருட்டல்ல. ஓட்டத்தை நடந்தாவது முடிக்கலாம். நடுவிலிருக்கும் தொண்ணூறு கிலோமீட்டர் மிதிவண்டிதான் வழக்கு. பகல் ஒன்றரை மணிக்குள் உள்ளே வராதவனை ஒரு வெள்ளை வேன் வந்து வாரிக்கொண்டு போய்விடும்.

அந்தச் சாலையில் மேடு கிடையாது. எதிரி காற்று ஒன்றுதான். அதைக் கிழிக்கவென்றே ஓரம் உள்ளங்கை அகலத்துக்குத் தடித்த கார்பன் சக்கரங்கள் விற்கிறார்கள். கம்பியே தெரியாத முழுத்தட்டுச் சக்கரமும் உண்டு. அதன் விலையில் நான் மூன்று மாதம் வாடகை கொடுக்கலாம். என் கைக்கு எட்டியது பதினாறே கம்பிகள் கொண்ட, யாரோ ஓட்டிக் கழித்த ஒரு ஜோடி.

"இது எண்பத்தைந்து கிலோவரைதான் தாங்கும், மேட். உனக்கு வேண்டாம்" என்றான் டேரன். 'மேட்' என்றால் இங்கே நண்பன்.

அந்த நேர்மையைத்தான் நான் அவமதிப்பு என்று எடுத்துக்கொண்டேன். கல்லூரிக் காலத்தில் வடசென்னை மேடைகளில் எட்டுக் கோப்பைகள் வாங்கியவன் நான். பாரத்தைத் தாங்குவது கம்பிகளின் எண்ணிக்கையல்ல, இழுப்பின் ஒழுங்கு என்றேன். வரம்பை எழுதுகிறவன் அச்சத்தில் எழுதுகிறான் என்றேன். அரைமணி நேரம் தொகுத்தும் வகுத்தும் மறுத்தும் பேசினேன். டேரன் சோர்ந்துபோய்ச் சக்கரத்தை எடுத்து நீட்டினான். கடையில் நான் சக்கரத்தை வென்றேன். அறுபதாவது கிலோமீட்டரில் இரண்டு கம்பிகள் அறுந்து, ரிம் கோணி பிரேக்கில் சிக்கி நின்றபோது அது என்னை வென்றது. வெள்ளை வேன் வந்தது. ஓட்டுநர் அன்பாக ஒரு வாழைப்பழம் கொடுத்தார். சாட்சியே, ஒரு பழத்தை அவ்வளவு வெறுப்போடு எவரும் தின்றிருக்க முடியாது.

மறு ஆண்டுக்கும் பெயர் கொடுத்தேன். இம்முறை முதலில் டேரனிடம் போகவில்லை. மிதிவண்டி இதழ்களையும் புரட்டவில்லை, கனத்தவனைப் பற்றி அவற்றில் இருப்பது ஒரே அறிவுரை, இளைத்துவிடு. கல்மண்டபத்துக்குத் தொலைபேசினேன். மரியதாஸ் என் பள்ளித் தோழன். மீன்பிடித் துறைமுகத்திலிருந்து மீனும் ஐஸும் ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டி அவனுடையது. அதன் சக்கரங்களைக் கட்டுவதும் அவனே.

அவனை அழைப்பதற்கு ஓராண்டும் ஒரு வேனும் தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. தேர்த் திருவிழாவை ஒட்டித் தெருவில் நடந்த பட்டிமன்றம். 'நகரத்தை உயர்த்துவது வேகமா, உழைப்பா?' என்பது தலைப்பு. நான் வேகத்தின் அணி. "தகரம் அதிர, தெரு நாற, ஊர்ந்து வருகிறதே அந்த மீன்பாடி வண்டி! நத்தைக்கு மூன்று சக்கரம் பூட்டினால் அது நாகரிகமாகிவிடுமா?" என்று முழங்கினேன். தெருவே சிரித்தது. ஒலிபெருக்கியை ஏற்றிவந்த மரியதாஸின் வண்டி மேடையோரத்தில் நின்றிருந்தது. அவன் அதன்மேல் உட்கார்ந்திருந்தான். கோப்பையோடு அதே வண்டியில் நான் ஏறியதும் திரும்பிப் பார்த்துச் சொன்னான்: "சோக்கா பேசுன மாமு. எறங்கி நடந்து வரியா?" கேட்டான், அவ்வளவுதான். நானும் இறங்கவில்லை. அந்த வெட்கங்கெட்ட இருக்கையை இன்றுவரை என் உடம்பு மறக்கவில்லை.

"இன்னா மாமு, ஃபாரின்ல வீலு ஒட்ச்சிட்டியாமே?" என்றுதான் தொடங்கினான். செய்தி எனக்கு முன்பே ஊர் போய்ச் சேர்ந்திருந்தது.

"பதினாறு கம்பி, மரியதாஸ். காற்றைக் கிழிக்கும் என்றார்கள்."

"காத்த நீ வாயாலயே கிழிப்பியே, அதுக்கு வீலு வேறயா? எவ்ளோ வெயிட்டு கீற?"

"நூற்றெட்டு."

"த்தோடா! ரெண்டு கூடை வஞ்சிரம். அத்தப் போயி பதினாறு கம்பில தொங்க வுட்டியா? பின்னால முப்பத்தாறு போடு. கம்பியும் கம்பியும் குறுக்கால போவுதுல்ல, அங்க செப்புக் கம்பி சுத்தி ஈயம் வெய்யி. ஒண்ணு புட்டுக்கினாலும் பக்கத்துல கீறவன் புட்ச்சிக்குவான்."

"கம்பி கூடினால் காற்று தடுக்குமே?"

"நம்ம வண்டி வீல்ல தகரம் அட்ச்சிகினு கீறேனே, பாத்ததில்ல நீ? மீன்வல கம்பில மாட்டக் கூடாதுன்னு. அத்த மாரி எதுனா லேசா மூடு. காத்து இன்னா வலய விட கெட்டியா?"

பார்த்திருந்தேன். பார்த்துத்தான் மேடையில் ஏளனம் செய்திருந்தேன். மூன்று மாத வாடகைக்கு விற்கும் முழுத்தட்டின் தத்துவம், நான் சிரிப்பு மூட்டிய அந்தத் தகரத்தில் இருந்தது.

முப்பத்தாறு கம்பிகள் கொண்ட உறுதியான அலுமினியச் சக்கரத்தைப் பின்னால் பூட்டினேன். குறுக்கிடும் இடமெல்லாம் செப்புக் கம்பி சுற்றி ஈயம் வைத்தேன். இருபுறமும் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை வட்டமாக வெட்டி மூடினேன். முன்னால் மட்டும் சற்றே தடித்த ஓரமுள்ள, இருபத்தெட்டுக் கம்பி அலுமினியச் சக்கரம் ஒன்றை டேரனிடம், இம்முறை வாதாடாமல், வாங்கினேன். பக்கக்காற்று கொக்குகளைத் தள்ளும் அளவுக்கு என்னைத் தள்ளாது. கனத்தவனுக்கு இயற்கை அளித்த ஒரே சலுகை அது. தகட்டை மூடுமுன் பின்சக்கரத்தைப் பார்த்த டேரன், செப்பு முடிச்சுகளைத் தொட்டு, "இது உங்கள் மதச் சடங்கா?" என்று மரியாதையோடு கேட்டான். "ஆமாம், சுமை தூக்குகிறவர்களின் மதம்" என்றேன். அவன் தொப்பியைக் கழற்றினான். திருத்தவில்லை நான்.

போட்டியன்று எழுபதாவது கிலோமீட்டரில் பின்னால் 'டங்' என்றது. அந்த ஓசையை நான் அறிவேன். வேனைத் தேடித் திரும்பிப் பார்த்தேன். ஆனால் சக்கரம் கோணவில்லை. லேசாக ஒரு முனகல், அவ்வளவே. நத்தையைப் போல, தகடு அதிர, மிதித்தேன். ஒன்றரை மணிக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது உள்ளே வந்தேன். கனிவோடு கேட்டவள் கைதட்டினாள். அந்தக் கைதட்டுக்கு உரியவன் நானல்லன் என்பது எனக்கு மட்டுமே தெரியும். ஓட்டத்தை நடந்து முடித்தேன்.

வீட்டுக்கு வந்து தகட்டைக் கழற்றினேன். அறுந்த கம்பி விழாமல், செப்பு முடிச்சில் பக்கத்துக் கம்பியைப் பிடித்தபடி நின்றது. மிதிவண்டி இப்போதும் என் பால்கனியில், இந்துமாக்கடலைப் பார்த்தபடி சாய்ந்திருக்கிறது. அதன் முன்சக்கரம் இந்த ஊர்க்காரன், பின்சக்கரம் கல்மண்டபத்தான். முன்னது வழி காட்டுகிறது, பின்னது சுமக்கிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கையில் இருப்பவன் எந்த ஊரான் என்று என்னைக் கேட்காதீர்கள்.

அன்றே மரியதாஸை அழைத்தேன். "இன்னா மாமு, வேன்லயா, வீல்லயா?" என்றான். பதில் சொல்ல என் மேடைத் தமிழ் வரவில்லை. பால்கனியில் நின்று, பக்கத்து வீட்டார் எட்டிப் பார்க்கும் அளவுக்கு உரக்கச் சொன்னேன்:

"வீல்லதான் மாமு. அட்த்த திருவிழாவுக்கு வரேன். அதே மேடைல எதிர்ப்பக்கம் நின்னு பேசறேன். பேசி முட்ச்சிட்டு உன் வண்டில குந்த மாட்டேன். பின்னாலயே வூடு வரிக்கும் நடந்து வரேன்."