எதிரணிக்குக் கொடுத்த கீப்பர்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் கிளப் ஃபுட்பால் மேட்ச்சில் தோற்றது. நான் கை வலிக்கிற வரைக்கும் தட்டினேன்.

துரோகி என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். விஷயத்தைக் கேளுங்கள்.

என் மனைவியின் தம்பி ஜெபராஜ், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சாயங்காலமானால் பாளையங்கோட்டையில் எங்கள் கிளப்பின் கோல்கீப்பர். அதாவது... ரெண்டாவது கீப்பர். முதல் கீப்பர் ராபினுக்குக் காய்ச்சல் வந்தால்தான் இவனுக்கு வாய்ப்பு. ராபினுக்கோ ஒரு தும்மல்கூட வருவதில்லை!

வருஷக்கணக்காக ஜெபராஜ் பார்த்த வேலை இதுதான். மேட்ச் நாளில் பெஞ்சில் உட்காருவான். பயிற்சி நாளில் எங்கள் ஆட்கள் உதைக்கிற பந்தையெல்லாம் நெஞ்சிலும் முகத்திலும் வாங்கிக்கொள்வான். இந்த வருஷம் லீக் தொடங்குவதற்கு முன்னால் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டான்.

“அத்தான், இந்த சீசனும் பெஞ்சுதான்னா கிளவுசைக் கழட்டிருவேன். கிளாஸ்ல பயலுவ, ‘சார், நீங்க எப்ப ஆடுவீங்க?’ன்னு கேக்கானுவ. என்ன பதில் சொல்ல?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் குரல் சரியில்லை. மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஏதோ நான்தான் டீம் எடுக்கிறவன் மாதிரி!

டீம் எடுப்பவர் தங்கையா அண்ணாச்சி. பெயிண்ட் கடை முதலாளி. கிளப்புக்கு மேனேஜரும் அவரே, கோச்சும் அவரே. லீக்குக்கு முன்னால் ஒரு ஃப்ரெண்ட்லி மேட்ச் வைத்து, அதைப் பார்த்துத்தான் முதல் பதினொன்றை முடிவு செய்வார். ஆகவே அந்த மேட்ச்சில் பாதி நேரமாவது ஜெபராஜை இறக்கச் சொல்வது என் பொறுப்பு. குடும்ப உத்தரவு.

நான் மைதானத்துக்குப் போய், தொண்டையைச் செருமி, “அண்ணாச்சி...” என்று ஆரம்பிப்பதற்குள் எதிரணி வேன் வந்து நின்றது. திருச்செந்தூருக்கு அந்தப் பக்கமுள்ள ஒரு கடற்கரை ஊர்க்காரர்கள். கேப்டன் மிக்கேல் தலையைச் சொறிந்துகொண்டே இறங்கினான்.

“அண்ணாச்சி, ஒரு சிக்கல். கடல்ல நல்ல மீன்பாடு. நேத்து போன எங்க கீப்பர் இன்னும் கரைக்கு வரல. ஒரு ஆள் தாங்க.”

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. விளையாட வந்தவர்களுக்கு ஆள் குறைந்தால், கூப்பிட்டவர்கள் கொடுத்தாக வேண்டும். கொடுத்த ஆள் அன்றைக்கு முழுக்க அவர்கள் ஆள். ஒப்புக்கு ஆடினால் கிளப்புக்கே கெட்ட பெயர்.

அண்ணாச்சி யோசிக்கவே இல்லை. “ஏலே ஜெபராஜு, அங்கன போய் நில்லு.”

பிறகு என் காதில் மெதுவாகச் சொன்னார். “மரியாதைக்கு மரியாதையும் ஆச்சு, நம்ம பயலுவளுக்கு நாலு கோலும் ஆச்சு வே.”

என்னத்தைச் சொல்ல? சொந்த டீமில் இடம் கேட்க வந்தவனை எதிரணிக்கே தூக்கிக் கொடுத்தாயிற்று! இரவல் ஜெர்சி ஜெபராஜுக்கு வயிற்றில் பிடித்தது. இழுத்து இழுத்துவிட்டபடி அந்தக் கோல் கம்பத்தை நோக்கி நடந்தான்.

ஆட்டம் தொடங்கியது. எங்கள் நட்சத்திரம் ஸ்டீபன் இடது மூலைக்கு ஒன்று விட்டான். பிடித்துவிட்டான் ஜெபராஜ். “குருட்டு அதிர்ஷ்டம்” என்றார் அண்ணாச்சி. அடுத்தது வலது மூலைக்கு. அதையும் பிடித்தான். அதற்கடுத்து தலையால் முட்டியது... அதுவும் அவன் கையில்தான்.

அண்ணாச்சி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷம் பயிற்சியில் இவர்கள் உதைத்த பந்தையெல்லாம் வாங்கியவன் யார்? எவன் எந்தப் பக்கம் அடிப்பான், எவன் அடிப்பதற்கு முன் தோளைச் சாய்ப்பான் என்று அவனைவிட யாருக்குத் தெரியும்? வினாத்தாளைக் கையில் கொடுத்துவிட்டுப் பரீட்சை வைத்திருக்கிறார் அண்ணாச்சி!

ஆனால் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே... இரண்டாவது பாதியில் ஒரு பந்தைப் பிடித்தவன், நிமிர்ந்து பார்த்து, அழகாக ஸ்டீபனுக்கே உருட்டிவிட்டான்! தினமும் அப்படித்தானே போடுவான்? ஸ்டீபன் ஒரு நொடி திகைத்தான். அப்புறம் ஓங்கி உதைத்தான். ஜெபராஜ் பாய்ந்து விழுந்து விரல் நுனியால் வெளியே தள்ளினான்.

“ஏலே! யாருக்குலே போடுதே? கண்ணைத் தொறந்து போடுலே!” என்று கத்தினார் அண்ணாச்சி. அடுத்த மூச்சில், “சபாஷ்லே!” என்றார். அதற்கடுத்து என் பக்கம் திரும்பி, “நான் யாரைத் திட்டுதேன், யாரைப் பாராட்டுதேன்... ஒண்ணும் புரியல வே” என்றார்.

கடற்கரைக்காரர்கள் ஒரு கோல் போட்டார்கள். கடைசி நேரத்தில் எங்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. ஸ்டீபன் பந்தை வைத்தான். லேசான சாரலில் எல்லோரும் நனைந்துகொண்டு நின்றோம். அவன் தோள் சாய்ந்தது. பந்து கிளம்புவதற்கு முன்பே ஜெபராஜ் அந்தப் பக்கம் பாய்ந்திருந்தான். பந்து அவன் கையில்!

அப்போதுதான் நான் கை தட்டினேன். மன்னிக்க வேண்டும்... விசிலும் அடித்தேன்.

மனைவி போனில் வந்தாள். “ஜெயிச்சாச்சா?”

“தோத்துட்டோம்.”

“ஐயையோ!”

“உன் தம்பி ஜெயிச்சுட்டான்.”

விளக்கிச் சொல்வதற்குள் மிக்கேல் அண்ணாச்சியிடம் வந்துவிட்டான். “அண்ணாச்சி, இந்த சீசனுக்கு இவரை எங்களுக்கே தந்திருங்க. உங்களுக்குத்தான் வேற கீப்பர் இருக்காருல்லா?”

அண்ணாச்சிக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! “நல்லா இருக்கே கதை! எங்க கீப்பரை எப்படிவே தர முடியும்?”

எங்க கீப்பர்!

பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த ஜெபராஜின் கை அப்படியே நின்றது. இத்தனை வருஷத்தில் அண்ணாச்சி வாயிலிருந்து அவன் அதைக் கேட்டதே இல்லை. குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. கண்ணைத் துடைத்தான். சாரல் என்று நாங்களும் நம்பிக்கொண்டோம்.

“லீக்ல முதல் மேட்ச்சுக்கு நீதாம்லே நிக்கே” என்றார் அண்ணாச்சி. ராபினுக்கு முகம் வாடத்தான் செய்தது. ஆனாலும் நல்ல பையன். ஜெபராஜ் தோளில் கை போட்டு, “சார், பெஞ்சுல எந்தப் பக்கம் வெயில் அடிக்காது?” என்று கேட்டான்.

யோசித்துப் பாருங்கள். நம்மிடம் இருப்பவரின் அருமை, பக்கத்து ஆள் வந்து “எனக்குத் தா” என்று கேட்கும்போதுதானே நமக்குத் தெரிகிறது? அதுவரை பெஞ்சுதான். டீமில் மட்டுமா? ஆபீசில், வீட்டில்... எல்லா இடத்திலும்.

வீட்டுக்கு வந்து இந்தத் தத்துவத்தை மனைவியிடம் உருக்கமாகச் சொன்னேன். “என்னையும் யாராவது வந்து கேட்டாத்தான் என் அருமை உனக்குத் தெரியும்.”

அவள் ஆவலோடு நிமிர்ந்தாள். “யாரும் கேட்டாங்களா?”