ஆயிரத்து எண்ணூற்று அறுபது படங்கள்

கடையில் என் அக்காவுக்கு வைத்த பெயர் சல்லடை. பம்பு, மோட்டார், குழாய் இவற்றுக்கான உதிரி பாகங்கள் விற்கும் கடை அது. பதினாறு வருடம் சரக்கு இறங்கும் வாசலில் நின்றவள். நூறு வாஷர் என்று எழுதிச் சீல் வைத்த பெட்டி வந்தால், வண்டிக்காரர் எவ்வளவு பறந்தாலும் சரி, பிரித்து எண்ணிய பிறகுதான் கையெழுத்துப் போடுவாள். பார்சல் கட்டும் மேசையில் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். கொடுத்த கையோடு நான் கட்டிய முதல் பார்சலையும் பிரித்துப் பார்த்தாள். தம்பி என்ற தயவுதாட்சண்யமெல்லாம் அவளிடம் செல்லாது.

மூன்று வருடத்துக்கு முன் முழங்கால் தேய்ந்து, நிற்க முடியாமல் போனது. முதலாளி நல்லவர், கொஞ்சம் கை இறுக்கம். புதிதாக ஆள் போடாமல் அக்காவை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, கடையின் இணையதளத்தை அவள் தலையில் கட்டினார். கம்ப்யூட்டரை அதுவரை துடைக்கக்கூடத் தொடாதவள். தன் மகளிடம் திட்டு வாங்கி வாங்கியே கற்றுக்கொண்டாள்.

இந்த வருடம் அந்த நோட்டீஸ் வந்தது. பார்வையில்லாத ஒருவர் புகார் கொடுத்திருந்தார். பம்பு மெக்கானிக். கையால் தடவியே மோட்டாரைப் பிரித்துப் பூட்டுபவர். எங்கள் தளத்தில் ஓ-ரிங் என்கிற ஒரு ரப்பர் வளையம்கூட அவரால் வாங்க முடியவில்லை. வியாபாரம் செய்யும் தளம் எல்லோராலும் தானே பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நாற்பது நாளில் விசாரணை. புகாரின் கடைசி வரியை முதலாளி சத்தமாகப் படித்தார். கடைக்குப் போன் செய்து கேட்டபோது, "வீட்ல யாரையாவது பாத்துச் சொல்லச் சொல்லுங்க" என்று பதில் வந்ததாம்.

"எவன் அப்படிச் சொன்னது?" என்று முதலாளி என்னைப் பார்த்தார். கடையில் எந்தத் தப்பு நடந்தாலும் முதல் பார்வை எனக்குத்தான்.

"நான்தான் சொன்னேன்" என்றாள் அக்கா.

முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "பாரும்மா, விசாரணையில தோத்துட்டா இந்தத் தளமே வேண்டாம்னு மூடிடுவேன். போன்ல வர்ற ஆர்டர் போதும்" என்றார். தளம் மூடினால் அந்த நாற்காலி இல்லை. நிற்க முடியாதவளுக்கு எங்கள் கடையில் வேறு இடமும் இல்லை. ஆனால் அக்காவை அரித்தது அது இல்லை. சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள். "ஒரு மனுஷன் சாமான் கேட்டா, இன்னொரு ஆளைக் கூட்டிட்டு வான்னு சொல்லியிருக்கேன்டா" என்றாள்.

அடுத்த வாரம் ஒரு விற்பனையாளர் வந்தார், இஸ்திரி கலையாத சட்டையோடு. தளத்தில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும், எல்லாம் சட்டப்படி ஆகிவிடும் என்றார். சேர்த்தார். திரையின் மூலையில் நீல வட்டம் ஒன்று வந்து குந்திக்கொண்டது. அவரே ஒரு சோதனையும் ஓட்டினார், நூற்றுக்கு நூறு. சான்றிதழை முதலாளி கண்ணாடிச் சட்டத்தில் போட்டு மாட்டினார். எனக்கும் நிம்மதிதான். அக்கா மட்டும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது சீல். இன்னும் யாரும் பெட்டியப் பிரிக்கல" என்றாள்.

"நீ பிடிச்ச முயலுக்கு மூணு கால்" என்றேன்.

"அப்ப எண்ணிப் பாத்துரலாம்" என்று, நோட்டீஸில் இருந்த மெக்கானிக்கின் எண்ணுக்கு போன் போட்டாள். புகார் கொடுத்தவரையே கடைக்குக் கூப்பிடுகிறாளே என்று முதலாளி தலையில் கை வைத்தார். அக்கா போனில் சுற்றி வளைக்கவில்லை. "அண்ணே, அன்னைக்கு உங்ககிட்ட அப்படிப் பேசினது நான்தான். தப்பு. ஒரு தடவை வந்து, எங்க தளம் எப்படி இருக்குன்னு எங்க முன்னாடியே திறந்து காட்டுவீங்களா?"

அவர் வந்தார். அக்கா வயதுதான் இருக்கும். விரல் இடுக்கெல்லாம் கிரீஸ். மடிக்கணினியில் திரையைப் படித்துச் சொல்லும் குரலை எங்களுக்கும் கேட்கும்படி வைத்தார். அது பேசிய வேகத்தில் எனக்கு ஒரு சொல் பிடிபடவில்லை. "உங்களுக்காக மெதுவா வைக்கறேன்" என்று சிரித்தார். மவுஸ் கிடையாது, விசைப்பலகை மட்டும். இரண்டு தட்டுத் தட்டியதும் அந்த நீல வட்டம் திறந்துகொண்டது. அதற்குள் போனவரால் வெளியே வரவே முடியவில்லை. பொத்தான், பொத்தான், பொத்தான் என்று குரல் சுற்றிச் சுற்றி வந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை முதலாளி அன்று காதால் கேட்டார்.

வட்டத்தை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தோம். இப்போது சாமான் பட்டியலுக்குப் போக முடிந்தது. முதல் படத்தில் குரல் சொன்னது: "நகரிலேயே குறைந்த விலை, நம்பி வாங்கலாம்." அடுத்த படம்: "நகரிலேயே குறைந்த விலை, நம்பி வாங்கலாம்." மூன்றாவதும் அதுதான்.

"இதுல ஓ-ரிங் எதும்மா, வால்வு எது?" என்று கேட்டார் மெக்கானிக்.

அக்காவின் முகம் செத்துவிட்டது. ஒவ்வொரு படத்துக்கும் விவரம் எழுத ஒரு கட்டம் இருக்கும். போன வருடம் அது முழுக்கக் காலியாகக் கிடந்தது. என்ன எழுதுவது என்று கேட்டதற்கு முதலாளி அந்த வரியைக் கொடுத்திருந்தார். அக்கா மூன்று நாள் உட்கார்ந்து ஆயிரத்து எண்ணூற்று அறுபது படத்துக்கும் ஒட்டினாள். ஒரு கட்டம்கூட விடவில்லை என்று அன்று என்னிடம் பெருமை பேசினாள். ஒன்றுகூட விடாதவள் என்பதால்தான் ஒன்றுகூடத் தப்பவில்லை. சோதனை நூற்றுக்கு நூறு கொடுத்ததும் அதனால்தான். கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று மட்டுமே அது பார்த்தது.

"பேரை மட்டும் எழுதினா போதுமாண்ணே?"

"பேரு போதாது. அளவையெல்லாம் படத்துல ஸ்கேல் வச்சுக் காட்டியிருக்கீங்களாமே. ஸ்கேலை நான் எப்படிப் பாக்கறது? உள் அளவு, வெளி அளவு, தடிமன். கையில எடுத்தா எனக்கு என்ன தெரியுமோ, அதை எழுதுங்க."

விசாரணைக்கு இருபத்தாறு நாள் இருந்தது. மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே அக்கா வந்துவிட்டாள். ஒவ்வொரு சாமானாக நான் எடுத்துக் கொடுக்க, வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து, கண்ணை மூடி விரலால் ஒரு தடவை தடவி, பிறகு எழுதினாள். "கறுப்பு ரப்பர் வளையம். உள் அளவு இருபத்து நான்கு மில்லிமீட்டர். தடிமன் மூன்று. வழுவழுப்பானது, மடிப்பு இல்லை." இப்படி ஒரு நாளைக்கு எண்பது. பழைய விவரச் சீட்டிலிருந்து பார்த்து எழுதிவிடலாமே என்று நான் சொன்ன அன்று அவள் பேசிய மாதிரி எங்கள் அம்மாகூட என்னைப் பேசியதில்லை. தளத்தை அமைத்துக் கொடுத்தவரையும் விடவில்லை. தினம் காலை பத்து மணிக்கு அவர் போன் அடித்துவிடும். பணம் கட்டும் பக்கத்தில் எந்தக் கட்டத்துக்கும் பெயர் இல்லை, தப்பாக நிரப்பினால் சிவப்பாவது தவிர வேறு அறிவிப்பில்லை. எல்லாவற்றையும் மாற்ற வைத்தாள். வாரத்துக்கு ஒரு தடவை மெக்கானிக் போனில் குறை சொல்வார். அவர் சொல்வதை அக்கா நோட்டில் எழுதிக்கொள்வாள், ஒருநாளும் எதிர்த்துப் பேசவில்லை. முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குக் கோபமும் வந்தது, பெருமையாகவும் இருந்தது.

ஆயிரத்து எண்ணூற்று அறுபதாவது படம் விசாரணைக்கு முந்தின நாள் மாலை முடிந்தது.

விசாரணை அறை சின்னது. அதிகாரி, அவருடைய உதவியாளர், மெக்கானிக், நாங்கள் மூன்று பேர். முதலாளி சான்றிதழை எடுத்து நீட்டப் பார்த்தார். அக்கா பார்த்த பார்வையில் அது பைக்குள்ளேயே தங்கிவிட்டது. அதிகாரி காகிதம் எதையும் கேட்கவில்லை. "நீங்களே ஒரு சாமான் வாங்கிக் காட்டுங்க" என்றார் மெக்கானிக்கிடம்.

அவர் காதில் மாட்டிக்கொண்டு தட்ட ஆரம்பித்தார். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை, விசைச் சத்தம் மட்டும். பாதியில் நின்றார். பின்னால் போனார், மறுபடி நின்றார். உதவியாளர் எழுந்து, "சார், அந்தப் பொத்தான நான் அமுக்கிடறேனே" என்று கை நீட்டினார்.

"கை வைக்காதீங்க" என்றாள் அக்கா. அதிகாரியே நிமிர்ந்து பார்த்தார். "தப்பு இருந்தா எங்க தப்பு. தோத்துட்டுப் போறோம். அவரே பண்ணட்டும்."

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். மெக்கானிக் முகவரியில் கதவு எண்ணைத் தப்பாக அடித்திருந்தாராம். திருத்தினார். மேலும் ஏழெட்டுத் தட்டு. அக்காவின் பைக்குள் இருந்த போன் ஒரு தடவை சிணுங்கியது. எடுத்துப் பார்த்தாள். புது ஆர்டர். ஓ-ரிங், உள் அளவு இருபத்து நான்கு, எண்ணிக்கை ஒன்று. அவள் அழுதுவிட்டாள். பதினாறு வருடத்தில் லாரி நிறைய இறக்கியவள், ஒரு ரப்பர் வளையத்துக்கு அழுதாள்.

புகார் தீர்ந்தது என்று அதிகாரி எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டார். வெளியே வராந்தாவில் அக்கா மெக்கானிக்கின் பக்கத்தில் போய் நின்றாள். "அண்ணே, உங்க சாமான நாளைக்குக் காலையில நானே வீட்டுக்குக் கொண்டுவந்து குடுத்திடறேன்."

"வேண்டாம்மா" என்றார் அவர். "மத்தவங்களுக்கு எப்படி வருமோ அப்படியே வரட்டும்."

அக்கா தலையாட்டினாள். தலையாட்டினால் அவருக்குத் தெரியாதே என்று உடனே உறைத்திருக்க வேண்டும், வாயைத் திறந்து சொன்னாள்.

"அப்ப மூணு நாள் ஆகும்ணே."