‘வெளியேறு’ என்று நினைத்து அழுத்திய பொத்தான்

சூலியா தெருவுக்குப் பக்கத்தில், வலைப்பதிவு மென்பொருள் பயன்படுத்துவோர் கூடிய மாநாட்டுக்குப் போயிருந்தேன். மூன்று வயது மகனை மாமியாரிடம் விட்டு வந்ததால் மனம் வீட்டிலேயே இருந்தது.

என் சமையல் வலைப்பதிவுக்குக் குடும்பத்தில் எல்லோரும் சந்தாதாரர்கள். அதில் நான் வெளியிடாத வரைவு ஒன்றும் இருந்தது. மகன் இன்னும் ஒரு சொல்கூடப் பேசவில்லை, மருத்துவரிடம் காட்டலாமா என்று மாமியாரிடம் கேட்கப் பயமாக இருக்கிறது என்று எனக்காக எழுதி வைத்தது.

பயிற்சியில் மென்பொருளைத் தமிழுக்கு மாற்றச் சொன்னார்கள். மாற்றியதும் திரையில் அந்த வரைவு திறந்துகொண்டது. யாராவது பார்த்துவிடுவார்களே என்று பதறி, ‘வெளியேறு’ என்று நினைத்து அழுத்தினேன். உறுதியா என்று கேட்டது. மறுபடியும் அழுத்தினேன். அது ‘வெளியிடு’.

“அக்கா, இத நிறுத்த முடியுமா?” என்று பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் கேட்டேன்.

“பதிவை எடுத்துடலாம்லா. ஆனா எல்லாருக்கும் ஈமெயில் போயிருச்சே, அது திரும்பாது.”

கைப்பேசி அதிர்ந்தது. மாமியார். வெளியே ஓடினேன்.

“அத்தை, மன்னிச்சிடுங்க...”

“எதுக்குமா? எனக்கும் அதே கவலதான். நான் சொன்னா, பேரனைக் குறை சொல்றேன்னு நெனச்சிடுவியோன்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன். கிளினிக்குக்குச் சேர்ந்தே போவோம், வா.”

திரும்பி வந்தபோது அந்த அக்கா கேட்டார்: “எடுத்துடவா?”

“எடுத்துடுங்க அக்கா. படிக்க வேண்டியவங்க படிச்சிட்டாங்க.”

மாநாட்டில் என்ன கற்றாய் என்று கேட்பவர்களிடம், பொத்தானைப் படித்துவிட்டு அழுத்தச் சொல்கிறேன். ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே பயத்தை ஒளித்து வைத்திருந்ததை இங்கேதான் சொல்கிறேன்.