நடுப் பங்கு கேட்ட என் மனைவி

அறுபதுகளின் தொடக்கம். திண்டுக்கல்லில் என் மாமனார் மௌத்தாகி, நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்திருந்த சமயம். வேடசந்தூரில் சின்னதாக ஜவுளிக்கடை வைத்திருந்த நான், மனைவியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்திருந்தேன்.

மாமனாருக்கு மலைக்கோட்டை போகும் வழியில் ஒரு பிரியாணிக் கடை. பெரிய மச்சானுக்கு அடுப்படி, சின்ன மச்சானுக்குக் கல்லா. மாமனார் கண்ணை மூடியதுமே இருவருக்கும் முட்டிக்கொண்டது. "நான் ஆக்கலேன்னா கடை ஏது?" என்பார் பெரியவர். "நான் ஆளுகளைக் கூப்பிட்டு உக்கார வைக்கலேன்னா அம்புட்டுச் சோத்தையும் யாரு திம்பா?" என்பார் சின்னவர்.

மாமனார் உயில் எழுதியிருந்தார். கடை இரண்டு மகன்களுக்கும் சரிபாதி. மகளுக்கு நகை போட்டாயிற்று, அவ்வளவுதான். நடுவில் சுவர் எழுப்பக் கொத்தனாருக்கும் சொல்லியாகிவிட்டது. சுவர் வந்தால் ஒரு பக்கம் விற்கத் தெரியாதவர், மறுபக்கம் சமைக்கத் தெரியாதவர். இரண்டு கடையும் படுத்துவிடும் என்பது தெருவுக்கே தெரியும். இவர்கள் இருவருக்கும்தான் தெரியவில்லை.

ஜமாத்துப் பெரியவர்கள் மாமனார் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்கள். எங்கள் மார்க்கத்தில், வாரிசுகளில் சிலருக்கு மட்டும் எழுதிய உயில், மற்ற வாரிசும் மனதார ஒப்பினால்தான் செல்லும். ஆகவே என் மனைவியின் சம்மதம் வேண்டும். இந்த மாதிரி நேரத்தில் பெண்பிள்ளைகள் 'எனக்கு ஒண்ணும் வேணாம்' என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, அண்ணன் எடுத்துக் கொடுக்கும் சேலையோடு ஊர் திரும்புவதுதான் வழக்கம். எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். நானும்தான்.

கதவுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. "எனக்குச் சம்மதமில்ல. அத்தா சொத்துல எம் பங்கு வேணும்."

பெரிய மச்சான் என்னை முறைத்தார். சின்னவர் நேராகவே கேட்டுவிட்டார்: "ஏன் மச்சான், வேடசந்தூர்ல யாவாரம் ஓடலையோ?" எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நான்தான் தூண்டிவிட்டேன் என்றல்லவா ஊர் பேசும்! ஆனால் அவள் எதையும் யோசிக்காமல் செய்கிறவள் இல்லை. அவளைத் தடுக்க எழவில்லை.

பள்ளிவாசல் இமாம் கணக்குச் சொன்னார். மாமியார் முன்பே மௌத்தாகிவிட்டதால் பிள்ளைகள் மட்டும்தான் வாரிசு; மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று. ஆகக் கடை ஐந்து பாகம். அதில் ஒன்று இவளுக்கு. "எந்தப் பக்கம்மா வேணும்?" என்றார்.

"நடுவுல குடுங்க ஹஜ்ரத். தெருவாசல்லேருந்து பின்னால அடுப்பு வரைக்கும் நேரா ஒரு பாகம். ரெண்டு பேரும் எம் பாகத்து வழியாத்தான் வரணும், எம் பாகத்துலதான் உலை வைக்கணும். அங்க சுவர் வைக்க நான் விடமாட்டேன்."

செத்த நேரம் யாருக்கும் விளங்கவில்லை. முதலில் சிரித்தவர் இமாம்தான். வாசலும் அடுப்பும் அவளுடையது என்றால், சுவர் எழுப்பி யாருக்கு என்ன பயன்?

"சரி, வாடகை எம்புட்டு?" என்றார் பெரிய மச்சான், விறைப்பாக.

"காசு வேணாண்ணே. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிஞ்சு ரெண்டு பேரும் ஒரே சஹன்ல உக்காந்து சாப்பிடணும். அதான் வாடகை. ஒரு வாரம் தவறினாலும் எம் பாகத்தைப் பூட்டிருவேன். நம்ம ஊர்ல பூட்டுக்கா பஞ்சம்?"

சஹன் என்பது நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் பெரிய தட்டு. முதல் வெள்ளிக்கிழமை மாமனார் வீட்டில் மூன்றாவது ஆளாக நானும் உட்கார்ந்தேன். அண்ணனும் தம்பியும் முகம் பார்க்கவில்லை. அவரவர் ஓரத்துச் சோற்றை அவரவர் தின்றார்கள். கறி நடுவில் அப்படியே கிடந்தது. அப்போது பெரியவர் ஒரு நல்லி எலும்பை எடுத்துத் தம்பி பக்கம் தள்ளிவைத்தார்.

தலையைக் குனிந்தபடியே சின்னவர் சொன்னார்: "இன்னைக்கு உப்புக் கொஞ்சம் தூக்கல்ண்ணே."

"ஒனக்கு நாக்குச் செத்துப்போச்சுடா" என்றார் பெரியவர். சின்னவர் அந்த நல்லி எலும்பை எடுத்துக் கடித்தார்.

கதவுக்குப் பின்னால் என் மனைவி விசும்புவது எனக்குக் கேட்டது. இப்படி ஒருத்திக்குப் புருஷன் என்று நினைத்ததும் எனக்கு ஏற்பட்ட பெருமையை இன்றுவரை வேறெதுவும் தந்ததில்லை. கடையில் சுவர் எழும்பவே இல்லை. பெண்பிள்ளை பங்கு கேட்டால் பிறந்த வீட்டு உறவு அறுந்துபோகும் என்று யாராவது என்னிடம் சொன்னால், எங்கள் வீட்டில் அவள் கேட்டதால்தான் அறுந்த உறவு ஒட்டியது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.